‘தொட்டவரா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னர் உங்கள் பத்திரிகையின் வாசகர் கேள்விப் பகுதியில் ஒரு பிள்ளை கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு வந்த மூன்று வரிப் பதிலையும் வாசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது ஒருவர் தினமும் பின்னால் வருகிறார், இது சட்டப்படி குற்றமா என்று அவள் கேட்டிருந்தாள். வீதி எல்லோருக்கும் பொது, பின்னால் வருவது குற்றம் என்று சொல்லும் பிரிவு எங்கள் இலங்கைச் சட்டத்தில் இல்லை, தொந்தரவு அதிகமானால் பொலிசை நாடவும் என்று பதில் போட்டிருந்தீர்கள்.

பதிலில் பொய் இல்லை. ஆனால் அதை வாசித்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பாள்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மறுநாளும் அதே வீதியால், பின்னால் அதே மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு வேலைக்குப் போயிருப்பாள். தொந்தரவு அதிகமானால் என்றால் எவ்வளவு அதிகமானால்? யார் அதை அளப்பது? இதைத்தான் நான் எழுத வந்தேன்.

நான் சட்டத்தரணி அல்ல. நீதிமன்றங்களில் 31 வருடம் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சட்டத்தைப் புத்தகத்தில் படித்ததை விட, ஒருவர் அழுதுகொண்டே தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும், நீதவான் சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் பழகியிருக்கிறேன். ஒரு சொல் மாறினால் ஒரு வழக்கு எப்படி மாறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வீட்டுக்குள் இந்த விசயம் வந்தபோது நானும் தடுமாறித்தான் போனேன்.

என் தங்கச்சியின் மகள், எனக்குப் பெறாமகள், வயது 23. திருகோணமலை டவுணில் ஒரு புடவைக் கடையில் வேலை. வீடு சாம்பல்தீவுப் பக்கம், நிலாவெளி பஸ்ஸில் போய்வருவாள். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் குசினியில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து நின்றது. பக்கத்து வீட்டுத் தம்பிதான், கேற் திறக்க நின்றிருக்கிறார். இவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து, யன்னலுக்குத் தெரியாத மாதிரிச் சுவரோடு போய் நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்ன பிள்ளை என்றேன். ஒண்டுமில்லை பெரியம்மா என்றாள். அந்த ‘ஒண்டுமில்லை’யை உடைத்து விசயத்தை வெளியே எடுக்க எனக்கு அன்று இரவு வரை பிடித்தது.

நான்கு மாதமாம். முதலில் அந்த ஆள் கடைக்கு வந்து அம்மாவுக்கு என்று சொல்லிச் சேலை பார்த்திருக்கிறார். அப்புறம் அவள் வழக்கமாகப் போனுக்கு ரீலோட் போடும் கடையில் இருந்து எப்படியோ இலக்கத்தை எடுத்திருக்கிறார். (பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளைகள் ரீலோட் கடையில் நாலு பேர் நிற்க இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வதையும், அங்கே கொப்பியில் எழுதி வைப்பதையும் நிறுத்துங்கள்.) சாப்பிட்டீங்களா என்று மெசேஜ். இண்டைக்குப் போட்ட நீலச் சட்டை வடிவு என்று மெசேஜ். அவள் ஒரேயொரு தடவை பதில் போட்டாள், எனக்கு விருப்பமில்லை, இனி மெசேஜ் போட வேண்டாம் என்று. அதற்குப் பிறகு அந்த ஆள் விருப்பம் என்றோ காதல் என்றோ ஒரு சொல் எழுதவில்லை. இண்டைக்கு பஸ் பிந்திட்டுதே. தொப்பி மறந்திட்டீங்களே, வெயில். நேற்று ஏன் முன்சீற்றில இருக்கேல்லை. இவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை, வெருட்டல் இல்லை. பின்னேரம் பஸ் வெளிக்கிட்டால் பின்னால் மோட்டார் சைக்கிளும் வெளிக்கிடும். உப்புவெளி யுத்த மயானம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸோடு பஸ்ஸாக வரும், ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கும், இவள் இறங்கினால் ஒழுங்கை வாசல் பூவரச மரத்தடியில் இஞ்சினை நிறுத்தாமல் நிற்கும், இவள் வீட்டுக்குள் போனதும் திரும்பிப் போகும். நான்கு மாதத்தில் ஒரு நாளும் கிட்ட வரவில்லை, தொடவில்லை.

ஆனால் இந்த நான்கு மாதத்தில் அவள் நீலச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாள். முன்சீற்றில் இருப்பதில்லை. இரவில் போனை நிறுத்திவிட்டுப் படுக்கிறாள், நிறுத்திய பிறகும் நித்திரை இல்லை. கடைசியில் தாய்க்கு விசயம் தெரிந்து, தாய் சொன்ன முதல் சொல் என்ன தெரியுமா? வேலையை விடு. என் தங்கச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் பயம். ஆனால் பாருங்கள், பின்னால் வந்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை. சட்டை, கோயில், சீற், நித்திரை, சம்பளம் எல்லாம் போனது வீதியில் முன்னால் நடந்தவளுக்கு.

நானும் அவளும் பொலிஸ் நிலையம் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. அங்கிருந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. எங்களை இருக்கச் சொன்னார், தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார்.

“தொட்டவரா?”

“இல்லை.”

“கெட்ட கதை ஏதும் சொன்னவரா?”

“இல்லை.”

“வெட்டுவன் கொத்துவன் எண்டு வெருட்டினவரா?”

“இல்லை.”

“அப்ப என்ன முறைப்பாடு, அம்மா?”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நீதிமன்றத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தனக்கு நடந்தது பெரிய விசயம் என்று நினைத்து வந்தவள், கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லச் சொல்ல, நடந்தது ஒன்றுமே இல்லை என்று தானே நம்பத் தொடங்கும் இடம் அது. நான் வற்புறுத்தியதால் அவர் கொப்பியில் எழுதினார், சிங்களத்தில். ஒப்பமிடச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று வாங்கி வாசித்தேன். முறைப்பாட்டாளர் பயணிக்கும் அதே வீதியில் மோட்டார் சைக்கிளில் பயணிக்கும் நபர் ஒருவரால் தனக்கு அசௌகரியம் என்று கூறுகிறார். முடிந்தது. நான்கு மாதம் இல்லை, விருப்பமில்லை என்று அவள் எழுதியது இல்லை, மெசேஜ் இல்லை, பூவரச மரத்தடி இல்லை. நாளைக்கு, கடவுளே வேண்டாம், ஏதாவது நடந்து இந்தக் கூற்றை மன்றில் வாசித்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து நின்று கேட்க ஒரேயொரு கேள்விதான் இருக்கும்: வீதி உங்கள் சொந்தமா? சிங்களம் வாசிக்கத் தெரியாத பிள்ளை தனியாகப் போயிருந்தால் நன்றி சொல்லி ஒப்பமிட்டுவிட்டு வந்திருப்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தயவு செய்து வெட்டாமல் போடுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது அல்ல. வாசித்து, அல்லது வாசிக்கக் கேட்டு, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பின்னால் வருவது குற்றமா? வெறுமனே பின்னால் வருவது எந்த நாட்டிலும் குற்றமில்லை, குற்றமாகவும் இருக்கக் கூடாது. அனுராதபுரச் சந்தியில் இருந்து உப்புவெளி வரை பின்னேரத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே வீதியால் போகிறோம். ரியூசன் விட்டால் நூறு பிள்ளைகள் ஒருவருக்குப் பின் ஒருவராகப் போவார்கள். மகள் இருட்டில் வருகிறாளே என்று நூறு யார் தள்ளிப் பின்னால் வரும் தகப்பனும் பின்தொடர்கிறார்தான். ஒரு பெடியன் ஒரு பிள்ளையை விரும்பி, பஸ் தரிப்பில் இரண்டு நாள் நின்று, ஒரு நாள் துணிந்து சொல்லி, அவள் இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டு போனால், அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ நல்ல கலியாணங்கள் அப்படித் தொடங்கியவைதான்.

இவற்றையும் என் பெறாமகளுக்கு நடந்ததையும் பிரிக்கிற கோடு ஒன்று இருக்கிறது. ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் தொடர்வது அந்தக் கோடு. ஒரு நாள் அல்ல, திரும்பத் திரும்ப. அதன் விளைவாக மற்றவர் பயந்து தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு. தொட்டாரா என்ற கேள்வி இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

மற்ற நாடுகள் இந்தக் கோட்டைச் சட்டத்தில் எழுதிவிட்டன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம்தான் முதல். 1989இல் ஒரு இளம் நடிகையை, வருடக்கணக்காக அவரை விடாமல் துரத்திய ஒருவன் அவரது வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான், அடுத்த வருடம் சட்டம் வந்தது. ஆனால் அங்கே நம்பத்தக்க ஓர் அச்சுறுத்தலும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அச்சுறுத்தல் சொல்லில் இல்லாமல் நடத்தையில் இருந்தாலும் போதும். இங்கிலாந்தில் 1997இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்துக்குள் 2012இல் இதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். பின்தொடர்தல், ஓரிடத்தில் சும்மா சுற்றி நிற்றல், பார்த்துக்கொண்டிருத்தல், தொடர்புகொள்ள முயலுதல் எல்லாம் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றன. ஒரு தடவை போதாது, குறைந்தது இரண்டு தடவை நடந்திருக்க வேண்டும். எங்கள் பூவரச மரத்தடி இங்கிலாந்துச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்கப்பூர்ச் சட்டம், 2014இல் வந்தது. அதில் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தினமும் பூ அனுப்புகிறார், வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்புகிறார். இதுவும் அந்தக் குற்றத்தில் அடங்கும் செயல் என்கிறது சட்டம். பூவில் என்ன கெட்ட வார்த்தை இருக்கிறது? பூ யாரை வெருட்டும்? சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் பூவை எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அனுப்பிய பொருளை வைத்து அளக்காதே, வேண்டாம் என்றவளின் சொல்லை மிதித்ததை வைத்து அள என்பதற்காக.

இந்தியாவில் 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு 2013இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 354டி என்று ஒரு பிரிவு வந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 78ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ளும் அல்லது தொடர்புகொள்ள முயலும் ஆணுக்கு முதல் முறை 3 வருடம் வரை, மீண்டும் செய்தால் 5 வருடம் வரை சிறை. இணையத்திலும் போனிலும் அவள் செய்வதை நோட்டம் பார்ப்பதும் அதற்குள் வரும். குற்றத்தைத் தடுப்பதற்காக அரசு பொறுப்புக் கொடுத்தவர், நியாயமான காரணம் உள்ளவர் போன்றோருக்கு விலக்கும் உண்டு. சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன் பின்னால் திரிந்தவனால் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின் முன்னால் தள்ளிக் கொல்லப்பட்டாள். சட்டம் இருந்த ஊரில்தான் அது நடந்தது. ஆனால் அங்கே ஒரு பிள்ளை பொலிசுக்குப் போனால் அப்ப என்ன முறைப்பாடு என்று கேட்க முடியாது, முறைப்பாட்டுக்குப் பெயர் இருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. அதில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு பாலியல் தொல்லையைப் பற்றியது. உங்கள் பதிலில் இதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தப் பிரிவுக்குத் தொட வேண்டும் என்ற அவசியமே இல்லை. சொற்களால் அல்லது செயல்களால் பாலியல் ரீதியான தொல்லை கொடுத்தாலே குற்றம், 5 வருடம் வரை சிறை. சட்டை வடிவு, எங்கே இருந்தாய் என்று ஒரு பிள்ளையின் உடம்பையும் நடமாட்டத்தையும் நான்கு மாதம் பார்த்துப் பார்த்து எழுதுவதை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முடியும் என்றுதான் நாங்கள் கேட்ட சட்டத்தரணியும் சொன்னார். ஆனால் பாலியல் என்ற சொல்லை நிரூபிக்க வேண்டும். ஒரு சொல்லும் எழுதாமல் வெறுமனே பின்னால் மட்டும் வருபவர் இதில் நழுவிப் போகலாம். குற்றமுறையான பயமுறுத்தல் என்று இன்னொரு குற்றம் இருக்கிறது, அதற்கு உடம்புக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வேன் என்ற வெருட்டல் வேண்டும். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் போடுவதைப் பற்றியது, ஒழுங்கை வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு காலம் வேலை செய்தும் என்னை ஆச்சரியப்படுத்திய விசயம் ஒன்று உண்டு. பின்தொடர்வது ஆபத்து என்பது எங்கள் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நீதவான் ஒரு பாதுகாப்புக் கட்டளை கொடுத்தால் அதில் அந்தப் பெண்ணோடு தொடர்புகொள்ளாதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, அவளுடைய பாதுகாப்புக்குக் கேடு வரும் விதமாக அவளைப் பின்தொடராதே என்றெல்லாம் தடை போடலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், பிறகு விசாரித்து 12 மாதம் வரை. மீறினால் சிறைக்கும் போகலாம். இப்படிப்பட்ட கட்டளைகளை நானே மன்றில் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கும், அவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆனால் அந்தச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவர், நெருங்கிய உறவினர் என்ற வட்டத்துக்குள் மட்டும்தான். பிரிந்து போன புருசன் பின்னால் வந்தால் நீதிமன்றம் மறிக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் பின்னால் வந்தால் மறிக்க வழியில்லை. பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. சொல்லப்போனால் யாரென்று தெரியாதவரிடம் பயம் இன்னும் கூட. நான் கேட்பது புதிதாக வானத்தில் இருந்து ஒரு சட்டம் அல்ல. அந்த வட்டத்தை அகலமாக்குங்கள், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையில் பெயர் சொல்லிக் குற்றமாக்குங்கள். இந்த மாவட்டத்தில் இருந்து பாராளுமன்றம் போனவர்கள், கட்சி எதுவாக இருந்தாலும், இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் பேச்சைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த விசயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது, சுழட்டுறது. அவன் உன்னைச் சுழட்டுறான் போல என்று சிரித்துக்கொண்டு சொல்வோம். விருப்பத்தோடு பார்க்கும் பெடியனுக்கும் அதுதான் சொல், நான்கு மாதம் மரத்தடியில் நிற்பவனுக்கும் அதுதான் சொல். கடையில் கூட வேலை செய்யும் பிள்ளைகளிடம் இவள் முதல் மாதமே சொல்லியிருக்கிறாள், அவர்களும் சிரித்திருக்கிறார்கள், உனக்கென்ன குறை, நல்ல பெடியன் மாதிரித்தானே இருக்கிறான் என்று. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்திரிகைகளும் இதில் குறைவில்லை ஐயா, உங்களுடையதும் சேர்த்துத்தான். பின்னால் திரிந்த ஒருவன் ஒரு பெண்ணை வெட்டினால் தலைப்பு என்ன? ஒருதலைக் காதல். காதல் விவகாரம். அவள் ஒரு நாளும் காதலிக்கவில்லையே, அவளுடைய சாவில் எதற்குக் காதல் என்ற சொல்? அந்த ஒரு சொல்லால் கொன்றவனுக்கு ஒரு சோகக் கதை கிடைத்துவிடுகிறது, செத்தவள் மனம் இரங்காதவள் ஆகிவிடுகிறாள். ‘பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர் கைது’ என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

எங்கள் மாவட்டத்தில் என் வயதுக்காரருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருவது என்றால் வேறு நினைவுகளும் வரும். யுத்த காலத்தில் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்ப்பதே ஆபத்தாக இருந்தது. தலையைக் குனிஞ்சுகொண்டு பேசாம வா என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம், அன்று அது உயிரைக் காப்பாற்றிய புத்தி. இன்று அதே புத்தியை இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற வித்தியாசமும் இல்லை. கிண்ணியாவில் இருந்தும் கந்தளாயில் இருந்தும் டவுணுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பூவரச மரம் இருக்கும்.

ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில் இலங்கையில் 90 வீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லையை அனுபவித்திருக்கிறார்கள் என்றும், பொலிசிடம் உதவி கேட்டவர்கள் 4 வீதம்தான் என்றும் வந்தது. அந்த 4ஐ வாசித்தபோது எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது, தொட்டவரா என்று கேட்ட மேசை.

எங்கள் விசயம் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். அன்று நான் ஒப்பமிட விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்து, ஞாபகம் உள்ளதை எல்லாம் எழுது என்றேன். திகதி, நேரம், இடம், மோட்டார் சைக்கிள் இலக்கம், பக்கத்தில் யார் நின்றது. மெசேஜ்களை அழிக்காமல் படம் பிடித்து வேறு போனுக்கும் அனுப்பி வைத்தோம். அழித்துவிட்டு மறக்கத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும், அழிக்க வேண்டாம். பதினொரு பக்கம் வந்தது. பஸ் நடத்துநர் தம்பியிடம் கேட்டேன், நானும் கண்டிருக்கிறன் அம்மா, யாரோ சொந்தக்காரர் எண்டு நினைச்சன் என்றார், தேவைப்பட்டால் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னார். அந்தத் தம்பிக்கு இந்த இடத்தில் நன்றி.

இரண்டாம் முறை பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போனோம். தமிழ் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தார். அவர் தொட்டவரா என்று கேட்கவில்லை. எப்ப தொடங்கினது, நீங்கள் எப்ப வேண்டாம் எண்டு சொன்னீங்கள், அதுக்குப் பிறகு எத்தனை தரம் என்று கேட்டார். அவரும் அதே பொலிஸ்தான், கையில் இருந்ததும் அதே சட்டம்தான். தமிழில் நான்கு பக்கம் எழுதினார். அந்த ஆளைக் கூப்பிட்டார்கள். வந்து, ரோட்டில போனது ஒரு குற்றமா மிஸ் என்றுதான் அவரும் கேட்டார், உங்கள் பத்திரிகையின் பதில் மாதிரியே. உத்தியோகத்தர் பேசாமல் கொப்பியை எடுத்துத் திகதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஜனவரி 9, பின்னேரம் 5.40, பூவரச மரத்தடி. ஜனவரி 10, 5.35, அதே இடம். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் அந்த ஆள் நிலத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 345ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்றார்கள். பிள்ளை மன்றுக்கு வரப் பயந்தாள், தாயும் வேண்டாம் என்றாள். எழுத்தில் வாங்கிக்கொண்டு எச்சரித்து விட்டார்கள்.

அந்த எழுத்து நாளைக்கு அவரை மறிக்குமா என்று கேட்டால், சட்டப்படி மறிக்க அதில் ஒன்றும் இல்லை. நீதிமன்றக் கட்டளை அல்ல, ஒரு வாக்கு மட்டும்தான். ஏழு வாரமாக ஆள் வரவில்லை. பெறாமகள் வேலையை விடவில்லை. ஆனால் இன்னமும் ஒரு தரிப்புக்கு முன்னாலேயே இறங்கி, வெளிச்சம் உள்ள பக்கத்தால் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறாள், தாய் ரோச் லைற்றோடு பாதி வழியில் நிற்கிறாள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு, அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே எழுத்தளவில், இன்னொரு பதில் போடுங்கள். 345ஆம் பிரிவைச் சொல்லுங்கள், தமிழில் முறைப்பாடு பதியலாம் என்று சொல்லுங்கள், திகதிகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 என்பதையும், அவசரம் என்றால் 119 என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அவள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. திருகோணமலை என்றால், பொலிசுக்குக் கூடப்போக ஆள் வேண்டும் என்றால், என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கொடுங்கள். பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.